இராமநாதன் வழக்கும் கல்முனைக் கரையும்

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள கல்முனைக்குடியில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுவது வழக்கம். ஒருநாள் பேச்சு எங்கெங்கோ சுற்றி, ஆங்கிலேயர் காலத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனில் வந்து நின்றது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர், "சோனகருடைய முதல் எதிரி அவர்தானே" என்றார். யாரும் மறுக்கவில்லை. சோனகர் என்ற இலங்கை முஸ்லிம்களைப் பற்றி இராமநாதன் எழுதிய கட்டுரையை யார் யார் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். வந்திருந்த பன்னிரண்டு பேரில் ஒருவரும் படித்திருக்கவில்லை. நானும் நாற்பது வயதைத் தாண்டித்தான் அதைப் படித்தேன். அதுவரைக்கும் அந்தத் தம்பி சொன்னதையே நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு மனிதர் மீது நூற்று முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரு குற்றச்சாட்டு நிற்கிறது. அதைச் சொல்கிறவர்களில் மிகப் பலர் அவர் எழுதியதைப் பார்த்ததில்லை. அவருக்காக வாதாடுகிறவர்களும், அவருக்கு மறுப்பு எழுதிய அப்துல் அஸீஸின் நூலைத் தொட்டதில்லை. அதனால் இந்த வழக்கை மறுபடி திறந்து, எந்தக் குற்றச்சாட்டு நிற்கும், எது நிற்காது என்று பார்க்க விரும்புகிறேன். நான் இந்தக் கரையில் பிறந்தவன். அந்த இடத்தில் நின்றுதான் பார்க்கிறேன். அப்படிப் பார்க்கும்போது, கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ தெரியாத ஒன்று தெரிகிறது.

முதலில் அவர் சொன்னது என்ன? 1885இல் முஸ்லிம்களின் விவாகப் பதிவு பற்றிய சட்டம் சட்டநிரூபண சபைக்கு வந்தபோது, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், சமயத்தால் முஸ்லிம்கள் என்ற கருத்தை இராமநாதன் முன்வைத்தார். 1888இல் அதையே விரித்து, அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். கழகத்தின் சஞ்சிகையிலும் அது அச்சானது. வீட்டில் பேசும் மொழி, வரலாறு, வழக்கங்கள், உடற்தோற்றம் என்று நான்கு தூண்களை அதில் நாட்டினார். சோனகர் வீட்டில் பேசுவது தமிழ். அவர்களில் பெரும்பாலோர் காயல்பட்டினம் போன்ற தமிழகக் கரையோர ஊர்களிலிருந்து வந்தவர்கள். கல்யாணத்தில் தாலி, கூறை, சீதனம் எல்லாம் தமிழர் வழக்கம். தோற்றமும் அப்படியே. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர வழியில்லை என்றார். அரேபியாவிலிருந்து வந்த ஹாஷிம் குலத்தார்தான் சோனகரின் முன்னோர் என்ற மரபுக் கதையை நம்பத் தக்கதல்ல என்று ஒதுக்கினார். அந்தக் கதையை 1827இல் அச்சேற்றியவர் இலங்கையில் பிரதம நீதியரசராக இருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன்.

கட்டுரையை நிதானமாகப் படித்தால் அதில் வசை கிடையாது. ஒரு வழக்கறிஞர் சாட்சியங்களை அடுக்குவது போலத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் வழக்கறிஞர் யாருக்காகப் பேசுகிறார் என்ற கேள்வி இருக்கிறதே. முதல் குற்றச்சாட்டு அங்குதான் பிறக்கிறது.

அன்றைய சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் ஆறு பேர். மூன்று ஐரோப்பியர், ஒரு சிங்களவர், ஒரு தமிழர், ஒரு பறங்கியர். எல்லாரும் ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்கள். தமிழ் உறுப்பினர் 1879 முதல் இராமநாதன். தமிழ் பேசுகிறவர்கள் என்ற வகையில் சோனகருக்கும் அவரே பிரதிநிதியாகக் கருதப்பட்டார். 1880களில் சோனகருக்கும் கண்டிச் சிங்களவருக்கும் தனித்தனி உறுப்பினர் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அதற்குச் சாதகமாக இருந்தார். அந்த நேரத்தில்தான் சோனகர் தமிழரே என்ற கட்டுரை வருகிறது. அடுத்த ஆண்டு, 1889இல், எம்.சி. அப்துல் ரகுமான் முதலாவது சோனக உறுப்பினராக நியமிக்கப்பட்டார். தன் ஆசனத்துக்குக் கீழிருந்த மக்களில் ஒரு பகுதி பிரிந்து போவதைத் தடுக்கவே இராமநாதன் இதை எழுதினார் என்பது பிறகு வந்த எதிர்ப்பாளர்களின் வாதம்.

இந்தக் குற்றச்சாட்டு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஒருவரின் ஆசனத்துக்கும் அவரது ஆராய்ச்சி முடிவுக்கும் இவ்வளவு நேரடித் தொடர்பு இருக்கும்போது, அதைக் கேட்பது வாசகரின் உரிமை. இராமநாதன் தன் நலனை எங்கும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். நோக்கம் பிழை என்று காட்டியதும், சொன்னதெல்லாம் பிழை என்று முடித்துவிடுகிறோம். என் காணிக்கு ஆசைப்படுகிறவன் என் வேலி சரிந்துவிட்டது என்று சொன்னால், அவன் ஆசையைத் திட்டினாலும் போய் வேலியைப் பார்க்கத்தான் வேண்டும்.

அப்படிப் போய்ப் பார்த்தவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ். 'முஸ்லிம் பாதுகாவலன்' ஆசிரியர். கட்டுரை வந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1907இல், இராமநாதனுக்கு மறுப்பாக ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். இந்த இடைவெளியைச் சும்மா கடந்து போகக் கூடாது. 1905இல் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து ஆஜராகக் கூடாது என்று தடுக்கப்பட்டதும், அதற்கு எதிராக நாடெங்கும் முஸ்லிம்கள் திரண்டதும் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான். அந்தக் கிளர்ச்சியில் முன்னின்றவர்களில் அஸீஸும் ஒருவர். ஒரு சமூகம் தன்னைத் தானே பெயர் சொல்லி அழைக்கப் பழகிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சூட்டில்தான் மறுப்பு நூல் வந்தது.

அஸீஸின் பலமான வாதம் மொழி பற்றியது. ஒரு மக்கள் பேசும் மொழியை வைத்து அவர்களுடைய இரத்தத்தைச் சொல்ல முடியாது என்றார். வணிகத்துக்காக இந்தக் கரைகளில் தங்கியவர்கள் இங்கே புழங்கிய மொழியைக் கைக்கொண்டார்கள், அவ்வளவுதான். இதில் அவர் முற்றிலும் சரி. இராமநாதன் கட்டுரை வாசித்த அதே 1888இல், உலகின் பெயர்பெற்ற மொழியியலாளர் மாக்ஸ் முல்லர், ஆரிய மொழி என்று ஒன்று உண்டு, ஆனால் அதை வைத்து ஆரிய இரத்தம், ஆரிய மண்டையோடு என்று பேசுவது அபத்தம் என்று எழுதினார். அவரது முந்தைய எழுத்துகளே அந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணமாக இருந்தன என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் மொழியையும் இரத்தத்தையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய வேளையில், கொழும்பில் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். முறை பற்றிய இந்த விமர்சனம் இன்றும் அசையாமல் நிற்கிறது. உடற்தோற்றத்தை வைத்து இனம் சொல்வதை இன்று எந்த ஆய்வாளரும் ஏற்கமாட்டார். நான்கு தூண்களில் இரண்டு அப்படியே விழுந்துவிட்டன.

ஆனால் அஸீஸ் அதோடு நிற்கவில்லை. தமிழர் அல்ல என்று காட்டினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. அரபிகள் என்று நிறுவ வேண்டும் என்று நினைத்தார். அதற்கு இராமநாதன் தள்ளிய அதே ஜோன்ஸ்டன் கதையைத் தூக்கிப் பிடித்தார். முன்னோர்கள் இங்கே தமிழ்ப் பெண்களை மணந்திருக்கலாம், ஆனாலும் வம்சம் தகப்பன் வழியில் அரபு என்பதே அவரது வாதத்தின் உட்கிடை. இராமநாதனோ அரபித் தகப்பன்கள் சிலர் இருந்திருந்தாலும் அந்த இரத்தம் எப்போதோ கரைந்துவிட்டது என்றார். ஆக இரண்டு பேரும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருந்தார்கள். உன் ஆதித் தகப்பன் எந்தக் கப்பலில் வந்தான் என்று சொல், உனக்குச் சபையில் நாற்காலி உண்டா இல்லையா என்று சொல்கிறேன் என்பது அந்த அளவுகோல்.

எங்கள் கரைக்கு இந்த அளவுகோல் பொருந்தவே பொருந்தாது. ஏன் என்று சொல்லச் சற்று விரிவாகப் பேச வேண்டும்.

1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் சோனகர் ஏறத்தாழ 1,84,000 பேர். அதில் கிழக்கு மாகாணத்தில் மட்டும் ஏறத்தாழ 43,000 பேர். நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இவர்கள் பெரும்பாலும் வயல் செய்கிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், மருதமுனை போன்ற ஊர்களில் தறி நெய்கிறவர்கள். இராமநாதனின் கட்டுரையிலும் அஸீஸின் மறுப்பிலும் கண்முன் நிற்கிற சோனகர், கொழும்பிலும் பேருவளையிலும் காலியிலும் கடை வைத்திருக்கிற வணிகர். வட்டையில் நாற்று நடுகிற சோனகர் அந்த வழக்கில் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கப்படவே இல்லை.

அழைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? முதலில் தன் குடியைச் சொல்லியிருப்பார். மட்டக்களப்புத் தொடங்கி அக்கரைப்பற்று, பொத்துவில் வரைக்கும் முஸ்லிம்களும் தமிழர்களும் குடி வழியாகவே தங்களை அடையாளம் சொல்லி வந்தார்கள். குடி தாய் வழியில் வருவது. என் உம்மாவின் குடிதான் என் குடி. என் பிள்ளைகள் என் மனைவியின் குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் கிடையாது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்தார். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். வீடும் வளவும் பெண் பிள்ளைக்கு. எங்கள் உம்மம்மாவின் வீடு என் உம்மாவுக்கு வந்தது, பிறகு என் ராத்தாவுக்குப் போனது. நானும் என் தம்பியும் மாப்பிள்ளைகளாக வேறு வேறு தெருக்களுக்குப் போனோம். இன்றும் இந்தக் கரையில் நிறையக் குடும்பங்களில் இதுதான் நடைமுறை.

உறவுமுறையைக் கவனியுங்கள். அரபு நாடுகளில் தகப்பனின் சகோதரர் மகளை மணப்பது விரும்பத்தக்க சம்பந்தம். மார்க்கமும் அதைத் தடுக்கவில்லை. எங்கள் ஊரில் சாச்சாவின் மகள் தங்கச்சி. அவளைக் கல்யாணம் பேசுவது என்ற நினைப்பே யாருக்கும் வராது. மாமியின் மகள்தான் மச்சி, அவளைத்தான் கேட்கலாம். தமிழ் உறவுமுறையின் எலும்புக்கூடு அப்படியே எங்களுக்குள் இருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கிச் செய்த ஆய்வுகள் 2008இல் பெரிய நூலாக வந்தன. தமிழரும் சோனகரும் இந்த அமைப்பை எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதைத் தெருத் தெருவாகப் பார்த்து அதில் எழுதியிருக்கிறார். இராமநாதனுக்கு இந்தத் தகவல் எட்டாத தூரத்தில் இருக்கவில்லை. மட்டக்களப்பின் தாய்வழி மரபுரிமையைச் சொல்லும் முக்குவர் சட்டம் பற்றிக் கிறிஸ்தோபர் பிரித்தோ எழுதிய நூல் 1876இலேயே அச்சாகிவிட்டது. தன் வாதத்துக்கு மிகப் பலமான சாட்சியம் கிடந்த இடத்தையே அவர் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் வழக்கு அவர் பக்கம் போயிருக்குமா? இல்லை. எங்கள் கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரில் ஒவ்வொரு வருடமும் அங்கே கொடியேற்றுகிறார்கள். அந்தக் கொடியைப் பார்த்து, சோழமண்டலக் கரையோடு உங்களுக்கு உள்ள தொடர்பு இதோ என்று ஒருவர் காட்டலாம். தொடர்பு உண்மை. ஆனால் அந்தக் கொடியின் கீழ் நிற்கிறவர்கள் தங்களை ஒரு சூஃபிப் பெரியாரின் அடியார்களாக, முஸ்லிம்களாக உணர்ந்து நிற்கிறார்கள். திமிலரோடு நடந்த சண்டையில் முக்குவருக்குத் துணை நின்ற பட்டாணிய முஸ்லிம்கள் பரிசாகப் பெண் எடுத்தார்கள் என்ற மட்டக்களப்புக் கதையையும் இப்படித்தான் படிக்க வேண்டும். போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் நாலாயிரம் பேரளவில் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தாய் ஒரு பக்கமிருந்து வந்தாள், தகப்பன் பல பக்கங்களிலிருந்து வந்தான். தாய்க்குடியைப் பெயராகச் சுமக்கிற மக்களிடம் வந்து, ஆதித் தகப்பன் யார் என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். அஸீஸ் ஒரு வரியில் கடந்து போன அந்தத் தமிழ்ப் பெண்கள் இங்கே குடும்பத்தின் ஆணிவேர். இராமநாதன் அவர்களை ஒரு சாட்சிப் பொருளாக மட்டும் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்கள் கலிமாச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் தங்களை என்னவென்று அழைத்துக்கொண்டார்கள் என்று அவர் கேட்கவில்லை.

இராமநாதன் மீதான மிகக் கனமான குற்றச்சாட்டு 1888ஐப் பற்றியது அல்ல, 1915ஐப் பற்றியது. அந்த ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் காலத்தில், கண்டியில் தொடங்கிய கலவரம் சில நாட்களில் மேற்கு, தென் பகுதிகளுக்குப் பரவியது. முஸ்லிம்களின் 4,000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. உயிர்கள் போயின. ஆங்கில அரசு இராணுவச் சட்டம் பிறப்பித்து, சிங்களத் தலைவர்களைச் சிறையில் போட்டு, விசாரணை என்ற பெயரில் பலரைச் சுட்டுக் கொன்றது. அப்போது படித்த இலங்கையரின் பிரதிநிதியாகச் சபையில் இருந்த இராமநாதன், சிங்களத் தலைவர்களுக்காக இடி போல முழங்கினார். போர்க்காலத்தில் கடல் கடந்து இலண்டன் போய் வாதாடினார். இராணுவச் சட்டக் கொடுமைகளைப் பற்றி எழுதிய நூல் 1916இல் அங்கே வெளிவந்தது. அவர் திரும்பி வந்தபோது அவருடைய வண்டியைச் சிங்களப் பிரமுகர்கள் தங்கள் கைகளாலேயே இழுத்துச் சென்றார்கள்.

இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்த அநியாயங்கள் பொய்யல்ல. ஹென்றி பெத்ரிஸ் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டது அநியாயம். அதை எதிர்த்து இராமநாதன் காட்டிய துணிவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கடையும் பள்ளியும் எரிந்து நின்ற மக்களுக்கு அந்தக் குரலில் எவ்வளவு இடம் இருந்தது? மிகக் குறைவு. சம்மாங்காரர் என்று அழைக்கப்பட்ட, இந்தியக் கரையிலிருந்து வந்த சோனகரின் பிடிவாதத்தையே அவர் கலவரத்துக்குக் காரணமாகக் காட்டினார். 1888இல் உங்களை என் இரத்தம் என்று சொன்ன மனிதர், 1915இல் அந்த இரத்தம் தெருவில் ஓடியபோது எங்கே நின்றார் என்று முஸ்லிம்கள் கேட்டார்கள். இதைவிட நியாயமான கேள்வி இந்த வழக்கில் எதுவும் இல்லை. 1970களில் இரு தொகுதிகளாக அவரது வரலாற்றை எழுதிய மு. வைத்திலிங்கம் முதலானோர் அவரது பெருமையை விரித்துச் சொல்லியிருக்கிறார்கள். இராமநாதன் கல்லூரி, பரமேஸ்வராக் கல்லூரி, கீதைக்கும் மத்தேயு சுவிசேஷத்துக்கும் எழுதிய உரைகள் எல்லாம் மெய். அந்தப் பெருமைகளில் எதுவும் இந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

ஒரு நிதானம் இங்கே தேவை. 1915இல் அவர் செய்த தவறு, 1888இல் அவர் சொன்ன வழக்கங்கள் பற்றிய தகவல்களைப் பொய்யாக்காது. அதேபோல, 1888 கட்டுரையின் தலையில் பிறகு நடந்த எல்லாவற்றையும் கட்டிவிடுவதும் சரியல்ல. எங்கள் பக்கத்தில் இது நிறைய நடக்கிறது. தமிழரசுக் கட்சியின் தமிழ் பேசும் மக்கள் என்ற சொல் இராமநாதனின் மறு அவதாரம் என்கிறார்கள். பிறகு 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டதையும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டதையும் அதே கோட்டில் வைக்கிறார்கள்.

இந்தக் கோடு நேராக இல்லை. தமிழ் பேசும் மக்கள் என்ற சொல், உன்னை என் இரத்தம் என்று சொல்லாமல் என் மொழிக்காரன் என்று சொன்னது. 1956இல் கல்முனையில் எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம்.எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியில் நின்று வென்றார்கள். பிறகு அவர்கள் கட்சி மாறியது வேறு கதை. வாக்களித்த எங்கள் மூத்தவர்கள் இராமநாதனின் கட்டுரைக்கு வாக்களிக்கவில்லை. தனிச் சிங்களச் சட்டம் வரும் என்ற பயத்தில், பிள்ளைகள் படிக்கும் மொழிக்கு வாக்களித்தார்கள். 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்து, காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரோடு நெருங்கிப் பழகிய ஏ.எம்.ஏ. அஸீஸும், தனிச் சிங்களக் கொள்கையை ஏற்க முடியாமல் 1956இல் ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு விலகினார். 1990இல் துப்பாக்கி தூக்கிய தமிழ் இயக்கத்தினரோ முஸ்லிம்களைத் தமிழர் என்று எண்ணிக் கொல்லவில்லை, விரட்டவில்லை. அந்நியர் என்று எண்ணியே அதைச் செய்தார்கள். அது இராமநாதனின் வாதத்துக்கு நேர் எதிர்த் திசை. அதே ஆகஸ்டில் சம்மாந்துறைக்கு அருகே வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், முஸ்லிம் ஊர்காவல் படையினர் மீது குற்றம் சாட்டப்பட்டது. இதையும் சொல்லாமல் காத்தான்குடியை மட்டும் சொல்வது என் நாவுக்கு வரவில்லை.

எங்களுக்குள்ளிருந்து இந்த வழக்கை மறுபடி படித்தவர்களும் உண்டு. மறைந்த காதிரி இஸ்மாயில் 1995இல் எழுதிய கட்டுரையில், முஸ்லிம் அடையாளத்தை வரைந்தவர்கள் தெற்கின் மேட்டுக்குடி ஆண்கள், கிழக்கின் விவசாயி அந்தப் படத்தில் இல்லை என்று காட்டினார். அதைப் படித்த அன்று எனக்கு வந்த ஆறுதலைச் சொல்ல வார்த்தை இல்லை. 1944இல் கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் இன்னொரு வழியில் வந்தார். இலங்கை முஸ்லிம்கள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், ஆனால் தமிழர் என்ற இன அடையாளத்தை ஏற்காதவர்கள், இந்தத் தனித்துவம் அரபு இரத்தத்திலிருந்து வரவில்லை, சமயத்தாலும் அரசியல் வரலாற்றாலும் உருவானது என்பது அவரது நூல்களின் சாரம். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது தமிழில் மிகப் பரவலாக நினைவுகூரப்படும் கவிதையை எழுதியவரும் அவர்தான். தமிழர் என்று சொல்லாத ஒருவர் தமிழின் துயரத்தைத் தன் துயரமாக எழுத முடிந்தது. இராமநாதனின் சட்டகத்துக்குள்ளும் அப்துல் அஸீஸின் சட்டகத்துக்குள்ளும் இதற்கு இடம் கிடையாது.

இன்று இராமநாதன் என்ற பெயர் உயிரோடிருப்பது ஏறத்தாழ ஒரே வேலைக்காகத்தான். யாராவது குடி முறையைப் பற்றியோ, எங்கள் கல்யாண வீடுகளில் பெண்கள் போட்ட குரவையைப் பற்றியோ, எங்கள் மூத்தம்மாக்கள் கட்டிய கவிகளைப் பற்றியோ எழுதினால், இராமநாதனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று வாயை அடைத்துவிடலாம். எனக்கு நடந்திருக்கிறது. என் உம்மம்மாவின் குடி பற்றி உள்ளூர் மலர் ஒன்றுக்குக் கட்டுரை கொடுத்தேன். தாலி பற்றிய பந்தியை எடுத்துவிட்டால் போடுகிறோம் என்றார்கள். அவர்களுடைய பயம் எனக்கு விளங்குகிறது. 2018இல் அம்பாறை நகரில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டதைக் கண்டவர்கள் நாங்கள். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களும், அவற்றைத் தொடர்ந்து சாய்ந்தமருதில் மோதலும் நடந்ததற்குப் பிறகு, எங்கள் உடுப்பிலிருந்து பெயர் வரை விசாரணைக்கு உள்ளானது. இப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் தனித்துவத்தை யாரும் தொடக் கூடாது என்ற தவிப்பு இயல்பு. ஆனாலும் பந்தியை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. உம்மம்மா கழுத்தில் கிடந்ததை நான் என் கண்ணால் கண்டவன். இராமநாதன் அதைச் சொன்னார் என்பதற்காக, நான் அதைக் காணவில்லை என்று சொல்ல முடியாது.

மற்றப் பக்கத்தையும் பார்க்கிறேன். கல்முனையில் பிரதேச செயலகப் பிரிப்பு பற்றிய சர்ச்சை சூடேறும் போதெல்லாம், நீங்களும் தமிழர்தானே, பிறகு ஏன் தனியாகக் கேட்கிறீர்கள் என்று தமிழ் நண்பர்கள் சிலர் கேட்பார்கள். 2019 ஜூனில் வடக்குச் செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் நடந்த நாட்களில் இந்தக் கேள்வியை ஒருவர் என்னிடம் தெருவில் வைத்தே கேட்டார். கேட்டவர் நல்ல மனிதர். அவர் வாயில் இராமநாதன் பேசினார் என்பது அவருக்குத் தெரியாது. உன் மொழி என்ன என்று கேட்டுவிட்டு, ஆகவே உனக்காக நான் பேசுகிறேன் என்று முடிப்பதுதான் அந்தக் கட்டுரையின் மிகப் பெரிய பிழை. மொழி பற்றிய தகவல் சரி. அதிலிருந்து எடுத்த அதிகாரம்தான் பிழை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்ட சனத்தொகையில் ஏறத்தாழ 43 சதவீதமாக இருந்த ஒரு மக்கள், தங்களுக்காகத் தாங்களே பேசுவதற்கு எந்த அரபியின் கப்பலையும் சாட்சிக்கு இழுக்கத் தேவையில்லை.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பேச்சுக்குப் பிறகு, அடுத்த மாதக் கூட்டத்தில் இராமநாதனின் கட்டுரையை எடுத்துக்கொண்டோம். பந்தி பந்தியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். எழுபத்தெட்டு வயதுள்ள ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கடைசிவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தாலி, கூறை வந்த இடத்தில் தலையை ஆட்டினார். உடற்தோற்றம் வந்த இடத்தில் முகத்தைச் சுளித்தார். முடித்ததும், "ஏன் மனே, இந்த மனிசன் நம்மட பக்கம் ஒருக்காலும் வந்ததில்லையா?" என்று கேட்டார்.

கட்டுரையில் அப்படி வந்து பார்த்த அடையாளம் எதுவும் இல்லை என்றேன்.

"அவருக்கு மறுப்பு எழுதினவர்?"

அதிலும் இல்லை என்றேன்.

முதல் நாள் எதிரி என்று சொன்ன அந்தத் தம்பி, அப்துல் அஸீஸின் நூலை அடுத்த மாதத்துக்குத் தானே வாசித்து வருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். தலைமையாசிரியர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, தன் உம்மாவின் குடிப் பெயரையும், அவருடைய உம்மாவின் உம்மா பிறந்த வளவு இருந்த இடத்தையும் எனக்குச் சொன்னார். கடற்கரைப் பள்ளிக்குத் தெற்கே, 2004 சுனாமியில் கடல் அள்ளிக்கொண்டுபோன வரிசையில் இருந்ததாம் அந்த வளவு. அதை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். எழுதி வைத்திருக்கிறேன்.